எஃபிஷியன்சி குறைந்த சம்பந்தியின் விண்ணப்பம்

மண்ணரை,
வியாழக்கிழமை காலை.

வெள்ளகோவில் சம்பந்தி ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு லிங்கசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு என் கால்களைத் தவிர எல்லோரும் நலம். அங்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகள் பூங்குழலியும் நலமாக இருக்க வீரக்குமாரசாமி துணை.

போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே கேட்க வைப்பீர்கள் என்பதால் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் ஓடப் பெயர் கொடுத்திருக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்திலிருந்து என்னை விட்டுவிடுங்கள். கல்யாணப் பந்தியில், "சம்பந்தியை முந்திக் காட்டறனுங்க!" என்று சவால் விட்டது நான்தான், மறுக்கவில்லை. சாப்பாட்டுத் தெம்பில் வாய் நீண்டுவிட்டது.

அதற்காக ஜனனி என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். என் மகள் வயதுதான் இருக்கும். நான் ஓடுவதைச் செல்போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்து, "உங்க எஃபிஷியன்சி ரொம்பக் கம்மிங்க சார்" என்று சொல்லிவிட்டது அந்தப் பெண். பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்த காலம் முழுக்க டெய்லர்களிடம் நான் சொன்ன அதே வார்த்தை! நான் முன்னால் போவதைவிட மேலே குதிப்பதுதான் அதிகமாம், சக்தியெல்லாம் அதில் வீணாம், காலை எட்டி எட்டி வைப்பதால் ஒவ்வொரு அடியும் பிரேக் போடுகிறதாம், அடியைச் சுருக்க வேண்டுமாம், தோளைத் தளர்த்த வேண்டுமாம், கையை நெஞ்சுக்குக் குறுக்கே வீசக் கூடாதாம். இத்தனையையும் நினைத்துக்கொண்டு ஓடினால் மூச்சு விட மறந்துபோகிறதுங்க சம்பந்தி. நேற்று கையைக் கவனித்தேன், கால் பின்னிக்கொண்டது, ஒரு கம்பெனி வாசலில் கிடந்த கட்டிங் வேஸ்ட் துணி மூட்டையில் போய் விழுந்தேன். வாட்ச்மேன் ஓடிவந்து தூக்கிவிட்டு, "ஏனுங்க, ரன்னிங்குங்களா?" என்றார். "இல்லீங்க, வேஸ்ட்டுங்க" என்றேன்.

ஆகவே நீங்களே ஒரு நல்ல காரணம் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றுங்கள். மாமனார் பயந்துவிட்டார் என்று மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாது. என் வீட்டுக்காரி மருதாள் இன்று அங்கே வருகிறாள், அவள் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் பட்டி பெருகட்டும், கிணறு ஊறட்டும்.

இப்படிக்கு,
லிங்கசாமி

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கண்டக்டரின் பேனாவை வாங்கி ஓடும் பஸ்ஸில் எழுதுகிறேன். மேலே உள்ளதை முடித்துத் தலை நிமிர்ந்தால், மருதாள் கிளம்பிப் போயிருந்தாள். கடிதமும் கையுமாக ஓடினேன். அவள் ஏறிய பஸ் நகர்ந்துவிட்டது. தோளாவது, அடியாவது, எதுவும் ஞாபகமில்லை. அடுத்த ஸ்டாப்புக்கு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே ஒரே கைதட்டல். மருதாள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "ஓட முடியலீன்னு எழுதுன கடுதாசியை ஓடி வந்து குடுக்கறீங்களே, நல்லாருக்குதுங்க!" என்று இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மருதாள் எனக்கு முன்னால் ஒரு வண்டியில் போவதாகச் சொல்லியிருக்கிறாள். காரணம் தேட வேண்டியது இனி நீங்கள்தான்.