ஒழுகும் தாங்கியும் ஒன்பது போத்தலும்

விசுவமடு,
புதன்கிழமை.

அன்பு மகள் யதுர்ஷிகாவுக்கு,

வற்றாப்பளை அம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். பசுவும் சுகம். நீயும் பூநகரியில் நேரத்துக்குச் சாப்பிட்டு, கொதித்தாறிய தண்ணீர் குடித்துச் சுகமாக இருப்பாய் என நம்புகிறேன். மோட்டார் சைக்கிள் மட்டும் சுகமில்லை. போனில் சொன்னால் இடையில் கேள்வி கேட்பாய் என்பதால் கடிதமாக எழுதி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன்.

பஸ் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து நீ படிப்பிக்கும் பள்ளிக்கூடம் மூன்று கிலோமீற்றர் என்பதும், நீ நடந்து போய்ச் சேருவதற்குள் வரவுப் புத்தகத்தில் அதிபர் சிவப்புக் கோடு கீறிவிடுகிறார் என்பதும், அதனால் இந்தச் சனிக்கிழமை வந்து மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோக இருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் திங்கட்கிழமை பெற்றோல் தாங்கியின் அடியிலிருந்து ஒரு சொட்டு எஞ்சினில் விழுந்ததைக் கண்டேன். உடனே பழைய வைத்தியமாகச் சவர்க்காரத்தை நனைத்து அந்த இடத்தில் தேய்த்தேன். சண்டைக் காலத்தில் எல்லாரும் சொன்ன வைத்தியம்; செய்து பார்த்தவர் ஒருவருமில்லை. அப்போது பெற்றோலுக்கும் தடை, சவர்க்காரத்துக்கும் தடை. சொட்டு அரை நாள் நின்று யோசித்துவிட்டுத் திரும்பவும் விழுந்தது. அதற்குப் பிறகு இரும்புக்கடை சரீப் நானா வந்து குனிஞ்சு பார்த்தார். "மனேச்சர், தாங்கியக் கழட்டுங்க. உள்ளுக்கு இருக்கிற பெற்றோல வெளிய ஊத்துங்க. துருவச் சுரண்டிப்போட்டு ரெண்டு குழாயில வாற பசையையும் ஒண்டாக் குழைச்சு ஓட்டையில அப்பினாச் சரி, அரை நாள் வேலை" எண்டார்.

அரை நாள் வேலைதான். ஆனால் வெளிய ஊத்துங்க எண்டு அவர் லேசாச் சொல்லிப்போட்டார். நான் சங்கக்கடையில மண்ணெண்ணெயைக் கூப்பனுக்கு அளந்து குடுத்தவன். மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடி, ஸ்ரார்ட் பண்ணுறதுக்கு மட்டும் பெற்றோலைக் கண்ணுக்கு மருந்து விடுறமாதிரிச் சொட்டுச் சொட்டா விட்ட சனம் நாங்கள். நான் பெற்றோலை மண்ணில ஊத்தினால் பக்கத்து வீட்டு நடராசா என்னோட கதைக்கமாட்டான். அதனால போத்தல் தேடினன். எட்டு அம்பிட்டுது. ஒன்பதாவதில என்ர அரிட்ட மருந்து, ஒரு மாதம் குடிக்க வேண்டியது. போத்தல் அவசரமாத் தேவைப்பட்டதால ரெண்டு நாளில குடிச்சு முடிச்சன். மூண்டாம் நாள் எழும்பேல்லை. நிறைச்ச போத்தலுகளைக் குசினியில வைக்க, அம்மா, "இஞ்சாருங்கோ, இது குசினியோ பெற்றோல் செட்டோ? ஒண்டில் அதுகள் இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கிறன்" எண்டா. மாட்டுக்கொட்டிலில வைக்க, மணத்துக்குப் பசு பாலை அடக்கிப்போட்டுது. கடைசியா முருங்கைக்குக் கீழ அடுக்கி, கதிரை போட்டுக் காவல் இருக்கிறன். நேற்று நடராசா வந்து சுருட்டு மூட்ட நெருப்புப்பெட்டி கேட்டான். இப்ப நான்தான் அவனோட கதைக்கிறேல்லை.

பசை அப்பியாச்சு. ஆனால் அது பிடிச்சுதோ எண்டு பார்க்கிறது என்ர கடமை. காலமை ஆணியால சுரண்டிப் பார்க்கிறன், கொஞ்சம் கழருது. பின்னேரம் திரும்ப அப்புறன். அடுத்த நாள் காலமை சுரண்டினால் திரும்பவும் கழருது. இப்ப வாற பசையள் ஒண்டும் சரியில்லை.

இதோடு தொடர்பில்லாத ஒரு விஷயம். பரந்தன் - பூநகரி வீதியில் பின்னேரத்தில் மாடுகள் படுக்கும், லொறிகள் லைட் போடா, கடற்காற்று ஆளை ஒரு பக்கமாகத் தள்ளும். உன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகையில் பஸ் ஜன்னலால் எண்ணினேன்: மாடு மட்டும் நாற்பத்தொன்று. தாங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அறிந்து வைத்திரு.

ஆகவே தாங்கி தேறும் வரைக்கும், இந்தத் தவணை முடியும் வரைக்கும் என்றாலும், பஸ்ஸிலேயே போய்வா. வெயிலுக்குக் குடை பிடி. அம்மன் உனக்குக் காவல். அம்மன் வேறு பக்கம் பார்க்கிற நேரத்துக்கு நான் இருக்கிறேன். கீழே அம்மாவுக்கு நாலு வரி இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. பரமேஸ்வரன்
(சங்கக்கடை மனேச்சர், ஓய்வு)

பி.கு.: பிள்ளை, இது அம்மா. தாங்கி போன வெள்ளிக்கிழமையே சரிவந்திட்டுது. சரீப் நானா தன்ர கையால அப்பிவிட்டவர், கல்லுமாதிரி இருந்தது. ஒவ்வொரு நாளும் ஆணியால தோண்டித் தோண்டிக் கழட்டுறது கொப்பர்தான். ஆணியை ஒளிச்சுப்போட்டன். நீ சனிக்கிழமை வா. வழிக்கு ஒன்பது போத்தல் பெற்றோல் இருக்கு. அலுமாரியில என்ர சீலைக்குப் பின்னால ஒரு புது ஹெல்மெட் இருக்கு, கண்டமாதிரிக் காட்டிக்கொள்ளாதை. முந்தநாள் கொப்பர்தான் முல்லைத்தீவுக்குப் போய் உனக்கெண்டு வாங்கிக்கொண்டு வந்தவர். நல்ல மஞ்சள். லொறிக்காரருக்குத் தூரத்திலயே தெரியவேணுமாம்.