கோல் கம்பம் ஆண்பால்

சூடானின் ஓம்துர்மான் நகர மகளிர் கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர் தஹானி, வெள்ளிக்கிழமைப் போட்டிக்கு அனுமதி கேட்டு மூன்றாம் முறையாக விளையாட்டு அலுவலகத்தில் நின்றாள். இன்றும் கிடைக்காவிட்டால் ஓராண்டுப் பயிற்சி வீண். அதிகாரி பாபிகிர் யாரையும் தடுக்கவில்லை. ஒழுக்கத்தை இலக்கணப்படி பரிசீலித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"பந்து விஷயம் தீர்ந்துபோச்சு மகளே. அரபியில பந்து பெண்பால். பொண்ணுங்க தாராளமா உதைக்கலாம்."

"அப்புறம் என்ன உஸ்தாத்?"

"கோல் கம்பம் ஆண்பாலாச்சே! மத்தவங்க பந்தோட அந்தப் பக்கம் ஓடிடுவாங்க. நீ மட்டும் அந்நிய ஆணோட தனியா நிப்பே. ஊரு என்ன பேசும்?"

தஹானிக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. சிரித்தால் ஃபைலை மூடிவிடுவார் என்பதால் எரிச்சலை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"என் அண்ணன் முதஸ்ஸிரைத் துணைக்கு நிறுத்துறேன்."

"நல்ல யோசனை. ஆனா பொண்ணுங்க ஆடுற மைதானத்துல ஆம்பளைங்க நுழையக் கூடாது. பதினோராம் விதி."

"அப்போ அண்ணன் வந்தாலும் தப்பு, வராட்டியும் தப்பு."

"இப்பத்தான் உனக்கு நிர்வாகம் புரியுது!" என்று அவர் பூரித்துப்போனார்.

தஹானி மேசையைப் பார்த்தாள். "உஸ்தாத், மேசை எந்தப் பால்?"

"பெண்பால்."

"பத்தொன்பது வருஷமா கதவைச் சாத்திக்கிட்டு அதுகூடத் தனியாவா இருக்கீங்க? மேல கை வேற வெச்சிருக்கீங்களே!"

பாபிகிர் கையை இழுத்த வேகத்தில் தேநீர் கொட்டியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். "மெதுவாப் பேசு தாயி, நான் பேரன் பேத்தி எடுத்தவன்!" அனுமதிக் கடிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டார். சுவர் ஆண்பால்.

வெள்ளிக்கிழமை தஹானி மூன்று கோல்களைத் தடுத்தாள், குழு வென்றது. கோல் கம்பம் ஆட்டம் முடியும்வரை கண்ணியமாகவே நடந்துகொண்டது.

அலுவலகம் சும்மா இருக்குமா? துறையின் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பாதுகாவலர் என்று புதுப் பதவியை உண்டாக்கியது. அதுவரை அலுவலகத்தைக் கேலி பேசிய ஊரே அந்த வேலைக்கு மனுவோடு வரிசையில் நின்றது. பாபிகிரின் மேசைக்கு முதஸ்ஸிர் நியமனமானான்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவன், செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தான். "தஹானி, இனிமே பந்தாட்டம் வேண்டாம். நான் இப்போ ஒரு மேசைக்குப் பொறுப்பான ஆளு. நம்ம குடும்ப மானம் என்னாகுறது?"

"உன் மேசை தலையில துணியில்லாம நிக்குது. முதல்ல அதைப் பாரு அண்ணே," என்று சொல்லிவிட்டு, பூட்ஸை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினாள் தஹானி.

முதஸ்ஸிருக்கு முகம் வெளுத்தது. மேசை விரிப்பு கேட்டு உடனே விண்ணப்பம் எழுத உட்கார்ந்தான். மடியில் வைத்துத்தான் எழுதினான். வீட்டு மேசைக்கு இன்னும் ஆள் போடவில்லை.