சரஸ்வதி பூஜைக்கு வந்த சட்டையில்லாத ஆள்

என் மாமியாரிடம் நான் வாதாடி ஜெயித்தது ஒரே ஒரு முறைதான். அதன் பலனை அனுபவித்த பிறகு அந்த ஆசையையே அடியோடு விட்டுவிட்டேன்.

கல்யாணமாகிச் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது எனக்கிருந்த பெரிய கவலை புருஷனைப் பற்றியது இல்லை (அவரைப் பற்றி ஓரளவு விசாரித்திருந்தோம்). புத்தகங்களைப் பற்றியது. விமானத்தில் இவ்வளவு எடைதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். புடவை, ஊறுகாய், பருப்புப்பொடி, கடைசி நிமிடத்தில் அம்மா அழுதுகொண்டே திணித்த இட்லித்தட்டு எல்லாம் போக, பெட்டியில் ஒரு மெல்லிய கவிதைப் புத்தகம்கூட நுழையவில்லை. திருச்சியில் இரண்டு பீரோ நிறையப் புத்தகம் வைத்திருந்தவள், ஆங் மோ கியோவில் ஒன்பதாவது மாடி வீட்டுக்கு இட்லித்தட்டோடு வந்து சேர்ந்தேன்.

கொஞ்ச நாளிலேயே, பிஸ்கட் டப்பாவின் பின்பக்கத்தை நான் இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என் கணவர் சரவணன் மின்னூல் ரீடர் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். எதை வாங்குவது என்பதை என்னிடமே விட்டார். தமிழ் எழுத்து உடையாமல் தெரிய வேண்டும். எம்.ஆர்.டி. ரயில் நெரிசலில் ஒரு கையால் பிடிக்க வர வேண்டும். படுத்துக்கொண்டு படித்தால் பக்கத்தில் தூங்குபவர் முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. இதற்கெல்லாம் பொருத்தமானதைத் தேடி நான் கட்டுரைகள் படித்த நேரத்தில் நல்ல நாவல்கள் நாலைந்தை முடித்திருக்கலாம்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் இரண்டு வகை இருந்தது. உடம்பெல்லாம் ஒன்றுதான், ஆனால் விலை குறைந்ததில், படிக்காமல் சும்மா வைத்திருக்கும்போது திரையில் ஏதாவது ஒரு புத்தகத்தின் விளம்பரம் வந்து நிற்கும். விளம்பரம் இல்லாததையே வாங்கிவிடலாம் என்றார் சரவணன். புதுப்பெண் நான், சிக்கனக்காரி என்று பெயர் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தேன். படிக்கும்போதுதான் விளம்பரம் வராதே, தூங்கும்போது எது வந்தால் நமக்கென்ன என்று கேட்டேன். (இதைவிடப் புத்திசாலித்தனமாக நான் பேசியதும் உண்டு.) சரவணனின் நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வரும்போது அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ரீடர் வந்தது. சந்தோஷமும் வந்தது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது, என் மாமியாரான அத்தையின் வடிவில்.

அத்தை சிங்கப்பூரிலேயே, புக்கிட் மேராவில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்ப் பள்ளியில் படித்து, நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்லவர்தான். ஆனால் ரீடர் என்பது கைத்தொலைபேசியின் அக்கா என்பதே அவர் முடிவு. நான் எவ்வளவு விளக்கியும் அது மாறவில்லை. திருச்சியிலிருந்து அம்மா கூப்பிட்டு என்னைக் கேட்டால், "அவ எப்பவும் போல ஸ்க்ரீனப் பாத்துட்டு இருக்கா" என்று உள்ளதை உள்ளபடி சொல்வார். மறுநாள் எனக்கு அம்மாவிடம் அர்ச்சனை நடக்கும். எங்கள் தெருவில் நான் படிக்கிற பெண். ஒரு கடலுக்கு இந்தப் பக்கம் வந்ததும் எந்நேரமும் திரையை வெறிக்கிற மருமகள் ஆகிவிட்டேன். சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும், எனக்கு அது உள்ளூர வலித்தது.

அப்போதுதான் சரஸ்வதி பூஜை வந்தது. வீட்டிலிருக்கும் புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் அடுக்கி, பொட்டு வைத்துப் படைப்போம். மறுநாள் காலை பூஜை முடியும்வரை அவற்றைத் தொடக்கூடாது, படிக்கக்கூடாது. அத்தை சாமி அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார். தோத்திரப் புத்தகம் ஒன்று. சரவணன் கார் ஓட்டும் தேர்வுக்குப் படித்த புத்தகம் (பாஸ் ஆகி வெகுகாலம் ஆகிவிட்டது, கார்தான் வாங்கவில்லை). அடியில், அஸ்திவாரம் மாதிரி, மஞ்சளேறிய பழைய தொலைபேசி டைரக்டரி.

நான் ரீடரைக் கொண்டுபோய் நீட்டினேன். அது எதுக்கு என்றார். இதுவும் புத்தகம்தான், சொல்லப்போனால் இருநூறு புத்தகம் என்றேன். ஸ்விட்ச் இருக்கிறதெல்லாம் புத்தகம் ஆகாது என்றார். டைரக்டரியில் என்ன படிக்கிறீர்கள் அத்தை, அதற்கே பொட்டு உண்டு என்றால் இதற்கு ஏன் கூடாது என்று கேட்டேன். அத்தை டைரக்டரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, வை லா" என்றார், சிங்கப்பூர்ப் பேச்சு வழக்கில்.

அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. திரையில் சரஸ்வதி தோத்திரம் ஒன்றை எடுத்து, டைரக்டரியின் மேல் நிமிர்த்திச் சாய்த்து வைத்தேன். சட்டத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டேன். தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகையில் ஒரு முழத்தை அதன் இரு பக்கமும் தொங்கும்படி போட்டேன். பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் ரீடர் தானாகத் தூங்கிவிடும் என்பதும், தூங்கினால் என்ன ஆகும் என்பதும் அந்தப் பெருமையில் மறந்தே போனது.

சாயங்காலம் விருந்தாளிகள் வந்தார்கள். அத்தையோடு கோயிலில் பஜனை பாடும் இரண்டு பேர், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி. ஆன்ட்டி தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர், ஆனால் எங்கள் வீட்டுச் சுண்டலுக்கு ஒரு வருஷம்கூடத் தவறியதில்லையாம். ஆரத்தி எடுத்தபோது விளக்கு வெளிச்சத்தில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. எல்லாரும் சோபாவில் உட்கார்ந்த பிறகு, நான் சுண்டல் தட்டுகளோடு வந்து நிமிர்ந்து பார்த்தேன்.

தோத்திரத்தைக் காணோம். அந்த இடத்தில் ஓர் ஆண் நின்றுகொண்டிருந்தான். தலையில் தொப்பி, இடுப்பில் ஜீன்ஸ், நடுவில் ஒன்றுமே இல்லை. மழையில் நனைந்த மார்பு, பாதி மூடிய கண்கள். ஏதோ ஆங்கிலக் காதல் நாவலின் அட்டை. அதுவரை சமையல் புத்தகமும் உடம்பு இளைக்கும் புத்தகமும் தவிர வேறெதையும் காட்டாத ரீடர், அன்றைக்கென்று பார்த்து இவனைக் கூட்டி வந்திருந்தது. தலைக்கு மேல் சந்தனம், குங்குமம். தோளில் நானே என் கையால் போட்ட மாலை.

சரவணன் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போனவர் திரும்பி வரவில்லை. நான் நகர்ந்து நகர்ந்து அலமாரிப் பக்கம் போய்க் கையை நீட்டினேன்.

"கை வைக்காத" என்றார் அத்தை. குரலை உயர்த்தவே இல்லை.

"ஒரே ஒரு பட்டன்தான் அத்தை."

"பூஜைல வச்ச புத்தகத்த நாளைக்குக் காலைலதான் தொடணும். புத்தகம்னு நீதானே சொன்ன?"

நான் கையை எடுத்துக்கொண்டேன். பஜனைக்காரர்கள் இரண்டு பேரும் சுண்டலில் கல் பொறுக்குகிறவர்கள் மாதிரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டி மட்டும் அலமாரியை மிகுந்த மரியாதையோடு பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எனக்கு உங்க சாமி எல்லாரையும் தெரியாது. இவர் யாரு?"

 ஏதோ வெளிநாட்டுச் சாமி என்று அத்தை சொல்லியிருக்கலாம். கைத்தொலைபேசி கெட்டுப்போச்சு என்று சொல்லி, ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கலாம். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"சாமி இல்ல ஸ்டெல்லா" என்றார் அத்தை. "அது என் மருமகளோட புத்தகம். அவ நிறையப் படிப்பா."

ஸ்டெல்லா ஆன்ட்டி இன்னொரு முறை பார்த்தார். "நல்லா ஹெல்தியா இருக்கு" என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது (ஒன்பது மாடி இறங்கித்தான் அதற்கும் வாய்ப்பு). ஆனால் அந்த வெட்கத்தின் நடுவிலேயே எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை மாதமாக எந்த வார்த்தைக்காக ஏங்கினேனோ, அதை அத்தை சொல்லிவிட்டார். நாலு பேர் முன்னால், கொஞ்சம்கூடக் கூசாமல், இப்படி ஒரு படத்தைக் காட்டிச் சொன்னார். கேலிக்குச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை பூஜை முடித்து, ரீடரை எடுத்துத் தோத்திரத்தை வாசித்தேன். கேட்டு முடித்த அத்தை, அந்தப் பையன் கதை என்ன என்றார். தெரியாது, அது வெறும் விளம்பரம், அந்தப் புத்தகம் என்னிடம் இல்லை என்றேன். ராத்திரி முழுக்க நம்ம வீட்டுப் பூஜையில் நின்றிருக்கிறான், என்ன ஆனான் என்று தெரியாமல் எப்படி விடுவது என்று கேட்டார். வாங்கினேன். தினமும் சாயங்காலம் நான் தமிழில் சொல்லச் சொல்ல அத்தை கேட்பார். சில இடங்களில் நான் நைசாகப் பக்கம் தள்ளினால், "ஏய், அங்க என்னமோ விட்டுட்ட" என்பார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவருக்கு எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பார். அவன் கைவிட்டுப்போன குதிரைப்பண்ணையை மீட்டான், காதலித்த பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டான். ஆனால் கடைசிப் பக்கம்வரை முக்கால்வாசி நேரம் சட்டை போடவில்லை. அத்தைக்கு அதுதான் குறை.

கதை முடிந்த வாரம், தீபாவளி ரவிக்கைத் துணியில் மிச்சமானதை எடுத்து, ரீடருக்கு அளவெடுத்து ஓர் உறை தைத்துக் கொடுத்தார். பச்சைப் பட்டு, மஞ்சள் கரை, மேலே ஒரு கொக்கி. எங்கள் வீட்டில் அதற்கு உறை என்று பெயரில்லை, சட்டை.

போன விடுமுறைக்கு நானும் சரவணனும் திருச்சியில் இருந்தோம். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தையின் அழைப்பு வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார். பயணம், வெயில், சரவணனின் இருமல் எல்லாம் விசாரித்துவிட்டு அத்தை கேட்டார்:

"ஆமா, அவனுக்குச் சட்டை போட்டுத்தானே கூட்டிட்டுப் போன?"

அப்பா இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, யாருக்கு என்றார். சரவணன் சோற்றைப் பிசைந்தபடியே பதில் சொன்னார்.

"இவளோட ஆள் மாமா. நம்ம வீட்லதான் இருக்கான். எங்கம்மாவுக்கு அவன்மேல உசிரு."

அப்பா அன்று ரசம் வேண்டாம் என்றுவிட்டார்.