ஓரிரு இடங்களில் வாய்ப்பு

"அப்பா, அந்தக் காலேஜ்ல எனக்கு சீட்டு கிடைக்குமா?"

மகள் கேட்டதும் வானிலை அதிகாரி தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அந்தக் கல்லூரியில் இருப்பதே முப்பது இடம். மோதுகிறவர்களோ ஆயிரக்கணக்கில். மறுநாள் காலை நேர்முகத் தேர்வு. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஓரிரு இடங்களில் வாய்ப்பு உண்டு."

"நான் என்ன மழையாப்பா?"

டிவியில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து அவர் சொல்வதை ஊரே நம்பியது. கோட்டு இல்லாமல் பார்த்துப் பழகிய தெரு மட்டும் நம்பவில்லை. மழை என்று அவர் சொன்னால், மொட்டைமாடியில் துணி காயப்போடுவார்கள். மழை இல்லை என்றால், குடையைத் தேடுவார்கள். தெருவில் அவருக்கு 'குடை சார்' என்றே பெயர்.

"குழந்தை கேக்குறால்ல, ஒழுங்காக் கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

அவர் மகளின் மதிப்பெண்களைப் பார்த்தார். மோட்டுவளையைப் பார்த்தார். பெருமையோடு சொன்னார்: "தொண்ணூறு சதவீதம்!"

"ஐயோ!" என்று மகள் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" மனைவி பொரிந்தாள்.

"நல்லதுதானே சொன்னேன்?"

"போன வாரம் தொண்ணூறுன்னு சொன்ன மழை எங்க? இன்னும் வந்துக்கிட்டு இருக்கா?"

அவர் கதவுக்கு வெளியே நின்று குழைந்தார். "சரிம்மா, பத்து சதவீதம். போதுமா?"

உள்ளே அழுகை கூடியது. "பெத்த அப்பாவே என்னை நம்பல!"

"அப்போ அம்பது!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பத்துன்னா தொண்ணூறுன்னு வச்சுக்கலாம். அம்பதைத் திருப்பிப் போட்டாலும் அம்பதுதானே! அவ எதைப் பிடிச்சுக்குவா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "தொண்ணூறுன்னுட்டாராமே... மனசத் தேத்திக்கோங்க. வேற காலேஜா இல்ல?"

அன்று மாலை டிவியில் அவர் மகளை நினைத்துக்கொண்டே பேசினார். தன்னால் முடிந்த ஆசீர்வாதம் அதுதான். "நாளை வானம் தெளிவாக இருக்கும். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்கள் குடையின்றி நிம்மதியாகச் செல்லலாம்."

காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. மகள் மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், பெரிய குடையோடு வாசலில் நின்றாள். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாள்.

"ஏம்மா, என் மானத்தை வாங்கணும்னே கிளம்புறியா?"

"மன்னிச்சுக்கப்பா. இது என் வாழ்க்கைப் பிரச்சினை."

அவருக்கு நிஜமாகவே வலித்தது. அந்த வலி அடங்குவதற்குள் வானம் பொத்துக்கொண்டது. தெருவெல்லாம் ஆறாக ஓடியது. எத்தனை பிள்ளைகளின் சாபமோ, அது தன் பெண் தலையில்தானே விடியும் என்று அவர் பயந்தார். மழை விட்டதும், யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி கைக்குட்டையால் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினார்.

வாசலில் காவலாளி சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"இன்டர்வியூ என்னாச்சுங்க?"

"அத ஏன் கேக்குறீங்க! எவனோ டிவில மழை இல்லன்னானாம். புள்ளைங்க எல்லாம் தொப்பலா நனைஞ்சு, சர்டிபிகேட்டெல்லாம் கூழாப் போச்சு. எல்லாரையும் அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

அவர் கைக்குட்டை முடிச்சை இறுக்கிக்கொண்டார். "யாருக்குமே சீட்டு இல்லையா?"

"ஒரே ஒரு பொண்ணுக்கு மட்டும் இன்னைக்கே குடுத்துட்டாங்க. மேல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பிரின்சிபாலே நனைஞ்சுபோய் உக்காந்திருந்தாரு. 'ஊரே ஏமாந்துச்சே, உனக்கு மட்டும் எப்படிம்மா மழை வரும்னு தெரிஞ்சுது?'ன்னு கேட்டாரு. அதுக்கு அந்தப் பொண்ணு, 'டிவில சொன்னவர் எங்கப்பா சார்'னுச்சு!"