பாறைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை ரியோஹெய் அவர்களுக்கு,

நாரா மலையில் இலைகள் சிவந்து, மழையும் பிடித்துக்கொண்ட இந்த நாளில் நீங்களும் எங்கள் மகள் சிஹாருவும் குழந்தையும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். கையெழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். விடுதி மேஜை முழங்கால் உயரம்தான். என் முழங்கால்களோ மடங்க மறுக்கின்றன.

எங்கள் கல்யாண நாளுக்கு நீங்கள் பரிசளித்த ஒருநாள் பயணத்துக்கு முதலில் நன்றி. காலையில் கோயில்கள், மதியம் மலைவிடுதியில் வெந்நீர்க் குளியலும் சாப்பாடும், மாலைப் பேருந்தில் வீடு என்று நீங்கள் போட்டுத் தந்த திட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் எங்கள் பக்கம்தான். நகோயாவுக்கே வந்து உங்களோடு இருந்துவிடும்படி மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை மறுப்பது மரியாதை. மூன்றாவது முறைக்கு உண்மையான பதில் சொல்லியாக வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த முறை நீங்கள் கேட்டபோது உங்கள் மாமியார் மிசாவோ முகமெல்லாம் மலர்ந்து, ரொம்ப சந்தோஷம் என்றாள் அல்லவா? அதனால் கோயிலுக்குக் கோயில், வகாயாமா வீட்டையும் வாசலில் உள்ள ஆரஞ்சு மரத்தையும் விட்டுவர எனக்கு மனசைக் கொடு என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவளோ பின்னால் வரிசை நிற்பதும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டே நின்றாள். என்ன வேண்டுதல் என்று கேட்டால், சொன்னால் பலிக்காதாம்.

விடுதிக்கார அம்மா கினுகோவுக்கு நான் ஏழேழு ஜென்மத்துக்கும் கடன்பட்டவன். கழிப்பறைக்கென்று தனியாக வைத்திருந்த செருப்போடு நான் சாப்பாட்டுக் கூடம் வரை ஜம்மென்று வந்துவிட்டேன். அந்த அம்மா அது தப்பென்று சொல்லவில்லை. தரை குளிராக இருக்கிறதே என்று மண்டியிட்டு வேறு செருப்பை வைத்துவிட்டு, நான் போட்டுவந்ததை விக்கிரகம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். குளித்துவிட்டு அங்கியின் வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டியிருந்தேன். பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். அதையும் சொல்லாமல், வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று ஒரு நிலைக்கண்ணாடியைத் தூக்கிவந்து என் முன்னால் நிறுத்தினார். அதன் பிறகு நானே உயிர்பெற்றுவிட்டேன்.

வம்பு புறப்படும்போதுதான் வந்தது. விருந்தாளி கண்ணுக்கு மறையும்வரை விடுதிக்காரர் வாசலில் நின்று வணங்க வேண்டும், விருந்தாளியும் திரும்பித் திரும்பி வணங்க வேண்டும். ஊரில் எங்கும் உள்ளதுதான். ஆனால் அந்தப் பாதை நூல் பிடித்த மாதிரி நேர், பேருந்து நிறுத்தமோ விடுதி வாசலுக்கு நேர் எதிர்க்கோடி. நாங்கள் போய்ச் சேர்ந்தும் அந்த அம்மா வணங்குகிறார், நாங்களும் வணங்குகிறோம். பேருந்தைக் காணோம். மழை வந்தது. அவர் குடைகூட விரிக்கவில்லை, அதனால் நாங்களும் விரிக்கவில்லை.

மிசாவோதான் சொன்னாள். "ஏங்க, நாம இங்க நிக்கிற வரைக்கும் அந்தம்மா உள்ள போகமாட்டாங்க. வயசானவங்க, நனையிறாங்க. எங்கயாச்சும் மறைஞ்சுக்கலாம் வாங்க."

நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பாறை இருந்தது. இருவரும் அதன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டோம். அப்போது பார்த்துப் பேருந்து வந்தது. ஆள் யாரும் இல்லை என்று ஓட்டுநர் நிறுத்தாமலே போய்விட்டார். அதுதான் கடைசிப் பேருந்து. எழுந்து பார்த்தால் அந்த அம்மா இன்னும் வாசலில்தான் நிற்கிறார். நாங்கள் பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்ததையும் பார்த்துவிட்டார்.

நனைந்த கோழிகளாகத் திரும்பிப் போனோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "இந்த மழையில உங்களை அனுப்பிட்டோமேன்னு மனசே கேக்கல. இருந்துட்டுப் போனீங்கன்னா எங்களுக்கு நிம்மதி" என்று, ஏதோ தவறு தன்மேல் என்பது போல் சொன்னார்.

அறைக்கு வந்து தலை துவட்டும்போது மிசாவோ, நகோயாவில் இவ்வளவு மழை இருக்காது என்றாள். எனக்கு அது போதும். மாப்பிள்ளை, நன்றியோடு சொல்கிறேன், நாங்கள் வருகிறோம். எங்களையும் ஒரு பொருட்டாக நினைத்து மூன்று முறை கேட்ட உங்கள் மனசு யாருக்கு வரும்! கருணைத் தெய்வமான கண்ணோன் தாய் உங்கள் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும்.

என்றும் நன்றியுள்ள,
மாமனார் தொகுஜி

பி.கு: விடிந்ததும் இதை மிசாவோவிடம் படித்துக் காட்டினேன். கேட்டவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் எப்பங்க போகணும்னேன்? மாப்பிள்ளை மனசு நோகக்கூடாதேன்னு சந்தோஷம்னேன். நீங்க பேரனுக்காக ஏங்குறீங்கன்னு நெனச்சேன். கோயில் கோயிலா நான் வேண்டினதே, போக வேணாம்னுதான்." நீங்கள் உங்கள் அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் படுக்கப் பாய் வாங்கி வைத்திருப்பதாகச் சிஹாரு அவளிடம் சொன்னாளாம். அதனால் மேலே எழுதியதில் நன்றியை மட்டும் வைத்துக்கொண்டு, வருகிறோம் என்பதை விட்டுவிடுங்கள். பாவம், எத்தனை நாளாக மழையில் நின்று எங்களை வணங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நாங்கள் பாறைக்குப் பின்னால் போய்விட்டோம் மாப்பிள்ளை. இனி நீங்கள் உள்ளே போகலாம்.