டெஸ்டர் அண்ணன் கடைசியாக மாட்டிய சுவிட்ச்

"மோட்டாரை அணைச்சியா?" என்று கேட்டார் டெஸ்டர் அண்ணன், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனில்.

"அணைச்சாச்சு. அங்க போயும் இந்த மோட்டார் கவலைதானா?" என்றாள் மனைவி.

"இங்க வேலை முடிஞ்சிருச்சு. ஒரே ஒரு சுவிட்ச் பாக்கி. மாட்டிட்டுப் படுத்துருவேன்."

மாட்டினார். படுத்தார். எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று மறுநாள் காலையில் வேறொரு குரல் சொன்னது.

சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் ஆராதனைக்குக்கூடப் போகாத மனிதர். அதனால்தான் அந்தப் பெயர். வெளிநாட்டில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வானொலி நிலையத்துக்குப் புதிதாக வயரிங் செய்ய, ஊழியமாகப் போயிருந்தார். அடுத்த வருடம் சபையிலிருந்து இன்னொரு குழு அதே நிலையத்துக்குக் கிளம்பியபோது அவளும் பெயர் கொடுத்தாள்.

"இந்த வயசுல நீ ஏணி ஏறப் போறியாக்கும்!" என்றான் தம்பி.

"ஏறுனவருக்கு ஏணி பிடிச்சவ நான்தான்டா" என்றாள்.

நிலையத்துக்குள் நுழைந்ததும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சுவரோடு வயர்க் குழாய்கள் நூல் பிடித்தாற்போல் ஓடின. "இது எங்க வீட்டுக்காரர் கை" என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். தண்ணீர் கேன் போட வந்தவரும் தப்பவில்லை. அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு மரியாதையாக அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

குழுவின் தலைவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற இன்ஜினியர். ஒலிப்பதிவு அறைக்கு வெளியே, நடைவழியில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு சுவிட்ச் இருந்தது. அதன் மூடியைக் கழற்றியவர் திரும்பிப் பார்த்தார்.

"சிஸ்டர், கொஞ்சம் இங்க வாங்க."

பெட்டிக்குள் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஒரு வயர்கூட இல்லை.

"பாவம், மறந்துட்டார் போல."

"அவர் சாப்பிட மறப்பார். வயரை மறக்க மாட்டார்."

"அப்ப இது என்ன? சுவத்துக்குப் பொத்தான் தைச்சிருக்காரா?"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் கடைசியாக மாட்டிய சுவிட்ச் இதுதான் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். இதையா அரைகுறையாக விட்டுவிட்டுப் போனார்?

"நாமளே முடிச்சுருவோம் பிரதர். அவர் பேர்ல பாக்கின்னு ஒண்ணு இருக்கக் கூடாது."

அவளே வயரை இழுத்துக் கொடுத்தாள். இன்ஜினியர் ஒலிப்பதிவு அறை விளக்குகளை அதில் இணைத்தார். போட்டால் எரிந்தது, அணைத்தால் அணைந்தது. அவளுக்கு உயிர் வந்தது.

அன்று சாயங்காலம் அறிவிப்பாளர் நேரலையில் வாசித்துக்கொண்டிருந்தபோது அறை இருண்டது. தாளில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. மனிதர் கெட்டிக்காரர். "நேயர்களே, கண்களை மூடிக்கொள்ளுங்கள், ஜெபிப்போம்" என்று ஆரம்பித்துவிட்டார். வெளிச்சம் வரும்வரை முடிக்க வழியில்லை. நோயாளிகள், பயணிகள், மாலுமிகள் எல்லாரும் தீர்ந்து, கடைசியில் கால்நடைகளுக்காகவும் ஜெபித்துக்கொண்டிருந்தபோது இன்ஜினியர் ஓடிவந்து சுவிட்சைப் போட்டார்.

"யார் இதை அணைச்சது?"

குழுவில் யாரும் அணைக்கவில்லை.

"அப்ப தானா விழுது. மட்டமான சுவிட்ச்."

"அவர் வாங்குற சுவிட்சைக் கடைக்காரன் முன்னாடியே போட்டுப் போட்டுப் பார்ப்பார். கடைக்காரனே 'போதும் அண்ணே'ன்னு கெஞ்சுவான்."

மறுநாள் விளக்குகளைப் பிரித்துவிட்டு, ஒலிபரப்புக் கருவி இருந்த அறையின் ஏசியை அதில் கொடுத்தார் இன்ஜினியர். ஏசி கொஞ்ச நேரம் நின்றால் குடி முழுகிவிடாது என்பது கணக்கு. சாயங்காலம் ஏசி நின்றது. யாரும் கவனிக்கவில்லை. கருவி சூடாகி, தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அறிவிப்பாளர் நல்ல சமாரியனைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டே இருந்தார். கேட்க ஆளில்லை என்பது பேசி முடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் இன்ஜினியர். "கோளாறு சுவிட்ச்ல இல்ல. அடியிலயே இருக்கு. நாளைக்கே எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டுப் புதுசா இழுத்துருவோம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அந்தக் குழாய்களை அவள் பார்த்தாள். அவர் கை பூமியில் விட்டுச் சென்றதில் இதுதான் கடைசி.

"நாளைக்கு ஒரு நாள் பொறுங்க" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் சுவிட்சுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்குப் புறப்பட்ட நிலைய இயக்குநர் பையைத் தோளில் மாட்டியபடி வந்தார். சுவிட்சுக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, அதை மெல்ல அணைத்தார்.

"ஐயா! நீங்களா?"

"ஏசி நின்னுருச்சு!" என்று உள்ளேயிருந்து இன்ஜினியரின் குரல் வந்தது.

சுவிட்ச் கடித்துவிட்டதுபோல் இயக்குநர் கையை இழுத்துக்கொண்டார். அதையே சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒரு கெட்ட பழக்கம்மா. போற போக்குல எந்த சுவிட்சைப் பார்த்தாலும் அணைச்சுருவேன். ஒரு தடவை ஒலிபரப்பையே அணைச்சுட்டேன். உங்க வீட்டுக்காரர் அந்தக் கடைசி ராத்திரி இதை மாட்டிட்டு என்னைக் கூப்பிட்டு, 'ஐயா, இது உங்களுக்குன்னே வச்சது. இதை அணைச்சாலே பாதி கரண்ட் மிச்சம். மத்ததுல கை வைக்காதீங்க'ன்னார். அன்னையிலிருந்து வேற எதையும் நான் தொடுறதில்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. கணவர் போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இயக்குநர் விடைபெற்றுப் போகும்வரை காத்திருந்து, இன்ஜினியரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"கம்பி இழுத்து ரிப்பேர் பண்றவங்களைப் பார்த்திருக்கேன். கம்பியே இல்லாம ஒரு கோளாறைச் சரி பண்ணுனவர் இவர்தான் சிஸ்டர்."

"ஸ்குரூடிரைவரைக் குடுங்க" என்றாள் அவள்.

இரண்டு வயரையும் தானே கழற்றி எடுத்து, ஏசியைப் பழையபடி இணைக்கச் சொன்னாள். வெறும் பெட்டியை மூடித் திருகினாள். ஒரு குழாயையும் யாரும் பிய்க்கவில்லை.

அடுத்த சாயங்காலம் இயக்குநர் வந்தார், செருமினார், அணைத்தார், போனார். விளக்கு எரிந்தது, ஏசி ஓடியது, வானொலி பாடியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு நாளும் கரண்ட் கட் என்றே நினைத்திருந்த அறிவிப்பாளரிடம் கதை முழுவதையும் பெருமையாகச் சொன்னாள்.

"ஆனா பாவம், அதுல ஒண்ணுமில்லைன்னு ஐயாவுக்குத் தெரியாமப் பார்த்துக்கோங்க தம்பி."

"தெரியாமயா?" என்றார் அறிவிப்பாளர். "அண்ணன் தவறின அன்னைக்கே ஐயா அந்த மூடியைக் கழற்றிப் பார்த்துட்டாரும்மா. உள்ள வயரே இல்லைன்னு தெரிஞ்சுதான் தினமும் நின்னு அணைச்சுட்டுப் போறாரு."