டயப்பருக்குள் ஒரு கட்டுரை

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கையைக் கழுவிக்கொண்டு, கன்னத்தைத் தொட்டு, மூக்கு அப்பா ஜாடை, முழி அம்மா ஜாடை என்று ஆளுக்கொரு பொய்யைச் சொல்லி, காபி குடித்துவிட்டு வருவோம். ஆனால் டயப்பரை மோந்து பார்க்கும் ஓர் இனமும் உண்டு. அபூர்வ நோய் ஆராய்ச்சியாளர் என்று அதற்குப் பெயர். பெங்களூர்த் தட்பவெப்பம் இந்த இனத்துக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது. லிங்கராஜபுரத்தில் ஒருவர் இருக்கிறார், டாக்டர் பாமா.

பெற்றோர் வழியாகக் குழந்தைக்கு வரும் வளர்சிதைமாற்றக் கோளாறுகள் அவருடைய துறை. சொல்லி முடிப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கும்; அவருக்கு அப்போதுதான் மூச்சே சீராகும். கல்யாண மேடையில் வாழ்த்துவதற்கு முன்பே, "சொந்தத்துலயா கட்டுறீங்க? மாமன் பொண்ணா, அத்தை பொண்ணா?" என்பார். ஆமாம் என்றால் முகம் மலரும். இல்லை என்றால் நேரே பந்திக்குப் போய்விடுவார். ஊரே 'ஐயோ பாவம்' என்னும் இடத்தில் அவர் "இன்ட்ரஸ்டிங்!" என்பார். கல்நெஞ்சம் என்று நினைக்காதீர்கள், நல்ல மனுஷி. அவர் கண்டுபிடித்துச் சொன்னதால் பிழைத்த குழந்தைகள் உண்டு. ஆனாலும் என்ன, நோய் அபூர்வமாக இருந்தால்தானே ஆராய்ச்சிக் கட்டுரை? சளிக் காய்ச்சலை எந்தப் பத்திரிகை போடும்?

இப்பேர்ப்பட்டவரின் எதிர்வீட்டில், டேரில்–குளோரியா தம்பதிக்கு வெகுநாள் காத்திருந்து ஒரு மகன் பிறந்தான். வந்தவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்க்க, பாமா மட்டும் கீழே குனிந்தார். மோந்தார். வெல்லப்பாகு வாசனை!

இனிப்பான செய்தி அல்ல. பாலில் உள்ள புரதமே உடம்புக்கு நஞ்சாகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. வந்தால் மூத்திரத்தில் பாகு மணக்கும். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும்.

"ரொம்பத் தூங்குறானா?"

"இப்பதான் குளிப்பாட்டினோம் டாக்டர், அதான் அசந்துட்டான்," என்றாள் குளோரியா.

"இன்ட்ரஸ்டிங்! தாய்ப்பாலை நிறுத்துங்க. உடனே ஆஸ்பத்திரி."

மேம்பாலத்து நெரிசலில் ஆட்டோ நின்றது. குளோரியா மாதாவை வேண்ட, டேரில் டிரைவரிடம் "ஸ்வல்ப பேக ஹோகி அண்ணா", கொஞ்சம் சீக்கிரம் போங்கள் என்று கன்னடத்தில் கெஞ்ச, பாமாவின் மனத்தில் கட்டுரைக்குத் தலைப்பு உருவாகி, உபதலைப்பும் சேர்ந்து, எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது என்பதுவரை முடிவாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், குழந்தைக்கு குளுக்கோஸ் ஏற்றினார்கள். முடிவு வரும்வரை பால் கூடாது. பிள்ளை பசியில் கத்த, பால் கட்டி மார் வலிக்க, குளோரியா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். பெற்ற வயிறு படும் பாட்டை எழுதித் தீராது.

மறுநாள் அந்த ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவர் டாக்டர் ரகுராம் சிரித்துக்கொண்டே வந்தார். "எல்லாம் நார்மல். பால் குடுங்கம்மா. ஆமா, நீங்க வெந்தயம் ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"டெய்லி வெந்தயக் களி சார். பால் ஊறும்னாங்க, நான்தான் கிண்டிக் குடுத்தேன்," என்றான் டேரில்.

"அதான் வாசனை. தாய்ப்பால் வழியா பிள்ளைக்குப் போயிருக்கு. பாகு வாசனை வந்தா முதல்ல வெந்தயத்தைப் பத்தி விசாரிக்கணும்னு பாமா மேடம் எழுதின பேப்பர்லதான் படிச்சேன்."

குளோரியா பிள்ளையை வாரி மார்பில் போட்டுக்கொண்டாள். டேரில் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். பாமா?

"நார்மலா?" என்றார், பஸ்ஸைக் கோட்டைவிட்டவர் குரலில். "இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா?"

குளோரியா நிமிர்ந்தாள். "ஏன் டாக்டர், எம் புள்ள நல்லா இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலியா?"

பாமா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

அவரைத் திட்டுவது சுலபம். அது கிடக்கட்டும். உங்கள் மாடிவீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டதாக யாரோ சொல்லக் கேட்டு, பால் பூத்திலும் வாட்ஸப்பிலும் 'பாவம் மனுஷன்' என்று குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பரப்பினீர்களே. அப்புறம் லிஃப்டில் அவரே எதிர்ப்பட்டு, "அதெல்லாம் சும்மா சார், புரமோஷன் குடுத்திருக்காங்க" என்றாரே. அந்த லிஃப்டில் கண்ணாடி இருந்ததே, அப்போது அதில் உங்கள் முகத்தைப் பார்த்தீர்களா?